அசைத்தலும் அசைதலும்: காயல்பட்டினம் முதல் ஆய்க்குடி வரை இயக்க மருத்துவத்தின் வரலாற்றுத் தடங்கள்

ஆய்வுச் சுருக்கம்

உடற்பயிற்சியையும் அசைவையும் மருந்தாகக் கொள்ளும் இயன்முறை மருத்துவம் ஐரோப்பாவிலிருந்து வந்த துறையாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. தாமிரவருணிப் படுகையையும் அதன் கழிமுகக் கரையையும் மையமாகக் கொண்டு அத்துறையின் வரலாற்றை இக்கட்டுரை மீள நோக்குகிறது. காயல் துறைமுகத்துக் குதிரை வணிகம் பற்றிய பாரசீகக் குறிப்பு, சித்த மருத்துவத்தின் தொக்கணமும் வர்மமும், பிள்ளைத்தமிழின் பருவ வரிசை, வேலூர், ஆய்க்குடி நிறுவனங்களின் பணி ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. நோயாளியின் உடலைப் பிறர் அசைப்பதிலிருந்து நோயாளி தானே அசைவதற்கு நகர்ந்ததே இத்துறையின் அடிப்படை மாற்றம் என்பதும், அம்மாற்றம் நிறைவுறும் இடம் மருத்துவமனையன்று, வீடே என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: இயன்முறை மருத்துவம், காயல்பட்டினம், தொக்கணம், வர்மம், பிள்ளைத்தமிழ், தன்வினை, பிறவினை, மறுவாழ்வு, ஆய்க்குடி.

1. முன்னுரை

பிசியோதெரபி என்னும் சொல்லுக்கு ஈடாக இன்று ‘இயன்முறை மருத்துவம்’ என்பது தமிழில் வழங்குகிறது. இயற்கை வழியிலான மருத்துவம் என்ற பொருளில் இச்சொல் ஆக்கப்பட்டிருக்க வேண்டும். எனினும், ஆக்கியோர் எண்ணியதினும் ஆழமான பொருள் அதில் அமைந்துவிட்டது. பழந்தமிழில் ‘இயலுதல்’ என்பதற்கு நடத்தல், செல்லுதல் என்ற பொருள் உண்டு. இக்காலத்தில் அதுவே கூடுதல், முடிதல் என்ற பொருளில் வழங்குகிறது. நடப்பதையும் முடிவதையும் ஒரே சொல்லால் குறித்த மொழியில், நடக்க முடியாமை ‘இயலாமை’ என்றே பெயர் பெற்றது. அசைவை இழந்தவர் வாய்ப்பையும் இழக்கிறார் என்ற பட்டறிவு அச்சொற்குடும்பத்தில் பதிந்திருக்கிறது.

இத்துறையின் மையக் கருத்தை விளக்கத் தமிழ் இலக்கணத்தில் மற்றொரு கருவியும் உள்ளது. அசைதல் தன்வினை, அசைத்தல் பிறவினை. இயன்முறை மருத்துவரும் தம் பயிற்சியின் தொடக்கத்திலேயே இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்கிறார். நோயாளியின் கையைத் தாம் தூக்கி மடக்கி நீட்டுவது ஒருவகை. நோயாளி தம் தசையால் தாமே தூக்குவது மற்றொரு வகை. முன்னது மூட்டு இறுகிப்போகாமல் காக்கும்; தசைக்கு வலு தருவது பின்னதே. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சமூகம் எங்கே நின்றது, எப்போது நகர்ந்தது, யார் நகர்த்தினர் என்பனவே இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள்.

2. காயலில் கட்டிவைத்த குதிரைகள்

தாமிரவருணி கடலோடு கலக்கும் கழிமுகப் பகுதியில் கொற்கை, பழைய காயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் எனத் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறந்து விளங்கின. ஆற்று மணல் ஒரு துறையைத் தூர்க்க, வணிகம் அடுத்த துறைக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ‘காயல்’ என்ற பெருந்துறையைக் குறிப்பிடுகிறார். அது பழைய காயலே எனக் கால்டுவெல் கருதினார். காயல்பட்டினமே எனக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், ஓர்முசு, கீசு, ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த மரக்கலங்கள் இக்கரையில் நங்கூரமிட்டன என்பதில் ஐயமில்லை.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் வரலாறு எழுதிய வஸ்ஸாஃப் இவ்வணிகத்தின் அளவை விரிவாகத் தருகிறார். கீசுத் தீவின் தலைவரான சமாலுதீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்பாடு இருந்தது. ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். அவருடைய உடன்பிறந்தாரான தக்கியுதீன் அப்துர் ரகுமான் பாண்டிய அரசில் உயர் பொறுப்பு வகித்ததோடு, காயல் உள்ளிட்ட துறைகளையும் தம் ஆளுகையில் வைத்திருந்தார்.

நம் பொருளுக்கு இன்றியமையாதது இதனையடுத்து வரும் செய்தி. இறங்கிய குதிரைகளை இந்நாட்டார் கயிற்றாலும் முளையாலும் பிணித்து 40 நாள் இலாயத்திலேயே நிறுத்திவைத்தனர் என்றும், கொழுக்க வேண்டும் என்பதற்காக வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் ஊட்டினர் என்றும், பின்னர் உரிய பழக்கமின்றியே அவற்றின்மீது ஏறி ஓட்டினர் என்றும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். விரைவும் வலுவும் மிக்க குதிரைகள் சில நாள்களிலேயே தளர்ந்து பயனற்றுப் போயின என்பது அவர் தரும் முடிவு. மார்க்கோ போலோவும் இந்நாட்டில் குதிரைகள் பெருமளவில் மடிந்ததையும், குதிரை பேணும் கலை அறிந்தோர் இல்லாமையையும் சுட்டுகிறார்.

இக்குறிப்புகளை அப்படியே ஏற்க இயலாது. குதிரை விற்ற வணிகர் வட்டத்தின் பார்வை இவற்றில் உண்டு. வெப்பமும் ஈரமும் மிக்க கடற்கரைத் தட்பவெப்பம், தீவன வேறுபாடு, நோய் ஆகியவையும் காரணங்களாகலாம். வாங்குவோரின் அறியாமையைப் பெரிதாக்கிக் காட்டுவது விற்போருக்கு இயல்பானதும்கூட. ஆயினும் ஒன்றைக் கொள்ளலாம். உணவு நிறைந்தாலும் அசைவு அற்றால் உடல் கெடும் என்ற கருத்து, ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்னரே காயல் துறையோடு தொடர்புடைய ஓர் ஆவணத்தில் பதிவாகியுள்ளது. நீண்ட கடற்பயணத்தில் நின்றவாறே வந்த விலங்கை இறங்கிய பின்னும் நிறுத்தியே வைத்ததுதான் அங்கே குறையாகச் சொல்லப்படுகிறது. மனித உடலைப் பொறுத்து இக்கருத்து மருத்துவ உலகில் நிலைபெற 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

3. தொக்கணமும் வர்மமும்: வினைமுதல் யார்?

சித்த மருத்துவத்தில் அசைவு பெற்ற இடத்தை அறிய வாத நோய்களிலிருந்து தொடங்குவது பொருந்தும். யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 எனப் பகுக்கிறது. பக்கவாதம், கீல்வாதம், இளம்பிள்ளைவாதம் என இன்றும் மக்கள் வாயில் வழங்கும் பெயர்களில் அந்த வாதக் கோட்பாடு வாழ்கிறது. இயக்கம் கெட்ட நோய்கள் பலவற்றை ஒரே இனமாகக் கண்டது அம்மரபின் நுட்பம்.

அந்நோய்களுக்கான புறமருத்துவத்துள் தொக்கணம் முதன்மையானது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அது 9 வகைப்படும். இப்பெயர்கள் யாவும் செயப்படுபொருள் குன்றா வினைகள் என்பது நோக்கத்தக்கது. தட்டுபவரும் அழுத்துபவரும் மருத்துவர். தட்டப்படுவதும் அழுத்தப்படுவதும் நோயாளியின் உடல். இறுதியில் வருவதும் ‘அசைத்தல்’ என்னும் பிறவினையே; ‘அசைதல்’ அன்று.

தென்திருநெல்வேலியிலும் குமரிப் பகுதியிலும் செழித்த வர்ம மரபிலும் இதற்கு இணையான அமைப்பைக் காணலாம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 புள்ளிகளை அம்மரபு வகுத்தது. அடிபட்டு மயங்கியவரை எழுப்பும் இளக்குமுறையும், தடவுமுறையும், எலும்பு முறிவுக்கான கட்டும் அதன் சிகிச்சைகள். இம்மரபில் ஆசானே சிலம்பமும் அடிமுறையும் கற்பிப்பவர். அவரே மருத்துவரும் ஆவார். காலடி வைப்பு, உடற்சமநிலை, மூட்டின் வீச்சு, மூச்சின் ஒழுங்கு ஆகியவற்றைப் பயிற்றும் அறிவும், தைலமிட்டுத் தடவிக் கட்டும் அறிவும் ஒருவரிடமே இருந்தன.

அவ்விரண்டும் ஒரே கையில் இருந்தும் ஒன்றோடொன்று கலவாமல் நின்றதுதான் சிந்திக்க வேண்டிய செய்தி. களத்தில் நலமுற்ற இளைஞனுக்குத் தன்வினைப் பயிற்சி. திண்ணையில் நோயுற்றவனுக்குப் பிறவினைச் சிகிச்சை. யோக மரபையும் இங்கே சேர்த்து எண்ணலாம். திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிக்கிறது. ஆசனம் தன்வினையின் உச்சம். ஆனால் அது சாதகனின் நெறியாகவே பேசப்பட்டது. முடங்கிய காலை உடையவனுக்குப் படிப்படியாக அமைத்துத் தரும் பயிற்சியாக அது அங்கே வடிவம் பெறவில்லை. உழைப்பு நலமுடையார்க்கு, ஓய்வு நோயுடையார்க்கு என்ற இப்பிரிவினை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. காலப்போக்கில் வர்மமும் தொக்கணமும் யோகமும் ‘சிறப்பு மருத்துவம்’ என்ற ஒரே பாடப்பிரிவின்கீழ் வந்தன. களமும் திண்ணையும் ஒரே வகுப்பறைக்குள் சந்திக்க வாய்ப்பளித்த நிகழ்வு என இதனைக் கருதலாம்.

4. பிள்ளைத்தமிழ் காட்டும் அசைவு வரிசை

அசைவை ஒழுங்குபடுத்தி நோக்கிய தமிழ்ச் சான்றை மருத்துவ நூல்களில் மட்டும் தேடினால் ஒரு பெரும் களஞ்சியத்தைத் தவறவிடுவோம். காயல்பட்டினத்துக்குத் தெற்கே அண்மையிலுள்ள திருச்செந்தூரின்மீது பகழிக்கூத்தர் பிள்ளைத்தமிழ் பாடினார். தாமிரவருணிக் கரையிலுள்ள திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை இயற்றினார். நபிகள் நாயகத்தைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட பிள்ளைத்தமிழ்களும் தமிழில் உள்ளன. சமய எல்லைகளைக் கடந்து நின்ற இவ்விலக்கிய வகையின் எலும்புக்கூடு குழந்தையின் அசைவு வளர்ச்சியாகும்.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்பன இருபாலார்க்கும் பொதுவான பருவங்கள். ஐந்தாம் திங்களுக்குரிய செங்கீரையில் குழந்தை கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டித் தலை நிமிர்ந்து ஆடுகிறது. ஒன்பதாம் திங்களை ஒட்டிய சப்பாணியில் உட்கார்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது. ஓராண்டை ஒட்டிய வாரானையில் தளர்நடை நடந்து வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமான சிறுதேரில் தேரை உருட்டிச் செல்கிறது. தலை நிமிர்தல், கை ஊன்றல், அமர்தல், உடலின் நடுக்கோட்டில் இரு கைகளும் கூடுதல், நடத்தல், நடந்துகொண்டே ஒன்றைக் கையாளுதல் என்பது இவ்வரிசை. மூளை முடக்குவாதம் உற்ற குழந்தைக்குப் பயிற்சி தரும் இன்றைய மருத்துவரின் கையேட்டிலும் ஏறத்தாழ இதே வரிசை காணப்படும். 1940களில் இலண்டனில் பெர்த்தா போபாத் தொடங்கிய நரம்பு வளர்ச்சிச் சிகிச்சை, இயல்பான குழந்தையின் அசைவு வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கியதன்மேல் எழுந்ததே.

புலவர்கள் மருத்துவம் எழுதினார்கள் என்று இதனைக் கொண்டு வாதிடுவது மிகையாகும். வரிசையைவிட வினை வடிவமே இங்குக் கருதத்தக்கது. பிள்ளைத்தமிழில் தாய் குழந்தையின் கைகளைப் பற்றிக் கொட்டுவிப்பதில்லை. ‘கொட்டுக’ என வேண்டுகிறாள். நடத்துவதில்லை, ‘வருக’ என அழைக்கிறாள். பிறவினைக்கும் தன்வினைக்கும் இடையே அழைப்பு என்ற ஒன்று உண்டு என்பதை இவ்வடிவம் உணர்த்துகிறது. அசைபவர் குழந்தை, அசைவுக்குக் காரணமாகும் சூழலை அமைப்பவர் தாய். இயன்முறை மருத்துவத்தின் முழுக்கலையும் இவ்விரண்டு தொடர்களில் அடங்கும்.

5. படுக்கையிலிருந்து எழுப்புதல்

ஐரோப்பாவில் இத்துறையின் தொடக்கம் மருத்துவமனையில் நிகழவில்லை. பயிற்சிக் கூடத்தில் நிகழ்ந்தது. வாள்வீச்சு ஆசிரியரான பெர் என்ரிக் லிங் 1813இல் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் அரசு மைய உடற்பயிற்சி நிறுவனத்தை அமைத்தார். கல்விப் பயிற்சி, படைப்பயிற்சி, மருத்துவப் பயிற்சி, அழகியற் பயிற்சி என அவர் நான்கு பிரிவுகள் வகுத்தார். சிலம்ப ஆசானைப் போலவே அவரும் படைக்கலப் பயிற்சியிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர் என்ற ஒப்புமை நினைவிற்கொள்ளத்தக்கது. ஆனால் அவருடைய மரபு ஒரு படி மேலே சென்றது. நோயாளி தாமே செய்யும் அசைவு, மருத்துவர் செய்விக்கும் அசைவு ஆகியவற்றோடு, ஒருவர் அசைய மற்றவர் எதிர்ப்புத் தரும் இருவர் அசைவையும் அது வகுத்தது.

எனினும் மருத்துவமனைப் படுக்கை நெடுங்காலம் ஓய்வின் இடமாகவே நீடித்தது. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களை விரைந்து எழுப்ப வேண்டிய தேவை எழுந்தபோதே அக்கோட்டை தகர்ந்தது. அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய ஓவர்டு ரஸ்க் தேறிவரும் வீரர்களைப் படுக்கையில் கிடத்தாமல் பயிற்சியில் ஈடுபடுத்தினார். தாமஸ் டிலார்ம் 1945இல் படிப்படியாகச் சுமையேற்றும் பயிற்சிமுறையை வெளியிட்டார். 1947இல் பிரித்தானிய மருத்துவர் ரிச்சர்டு ஆஷர், படுத்துக் கிடப்பதனால் விளையும் கேடுகளை உறுப்புதோறும் எடுத்துரைத்து எழுதினார். குருதி உறைதல், எலும்பு தேய்தல், தசை மெலிதல், மூட்டு இறுகுதல், புண் பிடித்தல், மனம் சோர்தல் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றன. காயலில் கட்டிவைத்த குதிரைக்கு நேர்ந்ததாக வஸ்ஸாஃப் சொன்னது, கட்டிலில் கிடத்திய மனிதருக்கும் நேரும் என்பதை மருத்துவம் ஒப்புக்கொண்ட காலம் இது.

இதே காலத்தில் தசையின் ஆற்றலை 0 முதல் 5 வரை அளக்கும் முறையும் பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகத்தால் 1943இல் வரையறுக்கப்பட்டது. 0 என்பது அசைவின் சுவடே இன்மை. 2 என்பது புவியீர்ப்பு நீக்கப்பட்ட நிலையில், அதாவது உறுப்பைப் பிறர் தாங்கியோ தளத்தில் கிடத்தியோ இருக்கையில், அசைய முடிதல். 3 என்பது புவியீர்ப்பை எதிர்த்துத் தானே தூக்குதல். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலுள்ள எண் ஒன்றேயாயினும், அதைக் கடப்பவர் பிறர் கையிலிருந்து தம் கைக்கு வருகிறார்.

6. வேலூர்: தசைக்குப் புதுப்பாடம்

இந்தியாவில் முறையான இயன்முறை மருத்துவக் கல்வி 1950களின் தொடக்கத்தில், இளம்பிள்ளைவாதம் பரவிய சூழலில், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் வேர்கொண்டது. தமிழகத்தில் அதற்கு இணையாக, தொழுநோயை முன்னிட்டு, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஒரு பெருமுயற்சி நிகழ்ந்தது.

கொல்லிமலையில் பணியாற்றிய மறைப்பணியாளர் இணையருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்டு 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் மடங்கிப்போவதற்குக் காரணம் சதை அழுகலன்று, குறிப்பிட்ட நரம்புகள் கெடுவதால் சில தசைகள் மட்டும் செயலிழப்பதே என அவர் கண்டார். முன்கையின் வலுவான தசைகளுள் சில எஞ்சியிருந்தன. அவற்றின் தசைநாண்களை எடுத்து, செயலிழந்த விரலை இயக்குமாறு இடம் மாற்றிப் பொருத்தும் அறுவையை அவர் வளர்த்தெடுத்தார்.

அறுவையோடு பணி முடிவதில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. மோதிர விரலை மடக்கிவந்த தசை இனிக் கட்டைவிரலை அசைக்க வேண்டும். மூளைக்கு அது தெரியாது. மோதிர விரலை மடக்குவதாக நினைத்துக்கொண்டு கட்டைவிரல் அசைவதைக் கண்ணால் பார்த்து, நாள்தோறும் பழகி, அவ்வசைவைப் புதிதாகக் கற்க வேண்டும். இப்பயிற்சிப் பிரிவை உருவாக்கியதில் சீனாவிலிருந்து வந்து சேர்ந்த இயன்முறை மருத்துவர் ரூத் தாமஸின் பங்கு பெரிது. அறுவைக்கு முன் இறுகிய மூட்டுகளை எண்ணெயிட்டு நீவித் தளர்த்துவதும், அறுவைக்குப் பின் கட்டுப் பிரித்ததும் தசைக்குப் பாடம் சொல்வதும் அப்பிரிவின் பணிகள். முன்னது பிறவினை, பின்னது தன்வினை. இரண்டும் ஒரே நோயாளிக்கு, ஒரே சிகிச்சைத் தொடரில், வரிசைப்படி அமைந்தன. தொக்கண மரபும் பயிற்சிக் கள மரபும் சந்திக்காது நின்ற இடத்தை இப்புதிய முறை இணைத்தது எனலாம்.

தொழுநோயாளருக்கு மற்றோர் இடரும் உண்டு. உணர்ச்சியற்ற கை வலியை அறியாது. வலி எச்சரிக்காத கையால் பயிற்சி செய்பவர் கண்ணையே காவலாகக் கொள்ள வேண்டும். 1951இல் அமைந்த நவஜீவ நிலையத்தில் நோயாளர் தச்சு முதலிய தொழில்களைப் பயின்றனர். கருவியின் பிடியும் வேலையின் முறையும் அக்கைகளுக்கு ஏற்ப மாற வேண்டியிருந்தது. பயிற்சி என்பது பிழைப்பாக மாறாவிட்டால் திருத்திய கை மீண்டும் கெடும் என்பது அங்குப் பெற்ற பாடம்.

1954 சனவரி 30 அன்று நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களும் செயலிழந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். ஆத்திரேலியாவின் பெர்த்திலும், பின்னர் நியூயார்க்கில் ரஸ்க் நடத்திய நிறுவனத்திலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1963இல் வேலூரில் உடலியக்க மருத்துவம், மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966இல் உள்நோயாளர் மறுவாழ்வு நிலையம் அமைந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மருத்துவரே நோயாளியாகவும் இருந்தமையால், ‘செய்விப்பவர்’, ‘செய்பவர்’ என்ற எல்லைக்கோடு அவர் வாழ்வில் அழிந்தது.

7. ஆய்க்குடி: ஊரை நோக்கிய திருப்பம்

வேலூர் நிலையம் எத்துணைச் சிறந்ததாயினும் அது திருநெல்வேலிச் சீமையின் ஊர்களுக்கு நெடுந்தொலைவில் இருந்தது. அத்தொலைவைக் குறைத்த முயற்சி 1981இல் ஆய்க்குடியில் தோன்றியது. அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது.

பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் பங்கேற்றபோது கழுத்தெலும்பில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தார். தமக்குப் படைத்துறை மருத்துவமனையில் சிகிச்சையளித்த அமர்ஜித் சிங் சாகலின் பெயரால், சொந்த ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளுக்கென அறிவித்த அனைத்துலக ஆண்டும் 1981தான். சில குழந்தைகளோடு தொடங்கிய அப்பணியில், தசைச்சிதைவு நோயுடன் வாழும் பட்டயக் கணக்காளர் சங்கரராமன் பின்னர் இணைந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்நிறுவனத்தின் வரலாற்றுச் சிறப்பு அதன் கட்டடங்களில் இல்லை. ஊர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைகளை இளமையிலேயே இனங்கண்டு, பயிற்சியைத் தாய்க்குக் கற்றுத்தரும் முறையை அது வளர்த்தெடுத்தது. 1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா அறிக்கைக்குப் பின் உலக நலவாழ்வு நிறுவனம் வலியுறுத்திய ‘சமூகம் சார்ந்த மறுவாழ்வு’ என்ற கொள்கை, தென்பாண்டி நாட்டுத் திண்ணையில் உருப்பெற்றதை இங்குக் காண்கிறோம். மருத்துவர் கை நாளில் அரைமணி நேரம் தொடும். தாயின் கை நாள் முழுதும் தொடும். குளிப்பாட்டுகையில், சோறூட்டுகையில், இடுப்பில் தூக்குகையில் குழந்தையின் உடல் எவ்வாறு தாங்கப்படுகிறது என்பதே பயிற்சியின் பெரும்பகுதி. ‘வருக’ என்று அழைத்த பிள்ளைத்தமிழ்த் தாயின் இடம் மருத்துவத்திற்குள் மீண்டது.

8. காயல்பட்டினத்து வீடும் பயிற்சியின் இலக்கும்

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்துறைக்குச் சட்ட ஏற்பும் வழங்கியது. மருத்துவர் வீட்டுக்கு வரும்போது வீட்டின் அமைப்பும் சிகிச்சையின் ஒரு கூறாகிவிடுகிறது. ஆகவே வீட்டை வாசிக்கும் திறனும் இத்துறைக்குத் தேவை.

காயல்பட்டினம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 40,000 மக்கள் வாழும் இவ்வூரில் மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ்வதும், வீடு தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதும் நெடுநாள் வழக்கம். ஆண்கள் வணிகத்தின்பொருட்டு இலங்கைக்கும் பிற நாடுகளுக்கும் சென்று வாழ்ந்தனர். தெருவுக்குச் செல்லாமலே பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் சென்றுவரக் குறுகிய முடுக்குகள் அமைந்தன. பக்கவாதமுற்ற முதியவளுக்கு உடனிருந்து பணிசெய்பவர் பெரும்பாலும் பெற்ற மகளே என்பது இவ்வமைப்பின் விளைவாகலாம். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒருவராக நோயாளியின் உடனிருப்பவரையும் வள்ளுவர் வைத்தார். அந்நான்காம் கூறு இவ்வூரில் வலுவாக உள்ளது.

நடைப்பயிற்சிக்கு முடுக்கு தரும் வாய்ப்பும் சிறிதன்று. நிழலும், இருபுறமும் கைவைக்கச் சுவரும், தெரிந்த முகங்களும் உள்ள அவ்வழி, மருத்துவமனையில் இரு கம்பிகளுக்கிடையே நடக்கப் பழக்கும் அமைப்பை ஒத்தது. மருத்துவமனைக் கம்பியின் முடிவில் சுவர் இருக்கும். முடுக்கின் முடிவில் உறவினர் வீடு இருக்கும். எங்கே போவதற்காக நடக்கிறோம் என்பது தெரிந்த நடை நிலைக்கும்.

இலக்கை வரையறுப்பதிலும் ஊரின் வாழ்வே அளவுகோலாக வேண்டும். மேலைநாட்டுப் பாடநூல்கள் நாற்காலியிலிருந்து எழுவதை முதன்மை இலக்காகக் கொள்கின்றன. தரையில் சம்மணமிட்டு உண்பதும், குத்தவைத்து வேலை செய்வதும், தொழுகையில் நின்று, குனிந்து, நெற்றி நிலம்படப் பணிந்து, மண்டியிட்டு அமர்வதும் வாழ்வாக உள்ள ஊரில் அவ்விலக்கு போதாது. முழங்கால் தேய்ந்தவர் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கத்தில் இசைவு உண்டு. எனினும், மீண்டும் தரையில் பணிய வேண்டும் என்ற ஒருவரது விழைவு, எந்த அளவுகோலையும்விட அவரைப் பயிற்சியில் நிறுத்தும் ஆற்றலுடையது.

இது வசதி பற்றிய கேள்வி மட்டுமன்று. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரவருணிப் படுகை முழுதும் வெள்ளக்காடானது. அத்தகைய இரவில் மாடிப்படி ஏற முடிபவருக்கும் முடியாதவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு உயிர் பற்றியது. தொடைத் தசையின் வலு மூன்றா நான்கா என்ற கணக்கு அங்கே ஏட்டுக் கணக்காக நிற்பதில்லை.

9. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிபுகளைக் கூறலாம். முதலாவது, அசைவின்மை உடலைக் கெடுக்கும் என்ற கருத்து காயல் துறையோடு தொடர்புடைய இடைக்கால ஆவணத்திலேயே உள்ளது. ஆனால் அது விலங்கைப் பற்றிய குறிப்பாகவே நின்றது. இரண்டாவது, தமிழ் மரபில் பிறவினைச் சிகிச்சையும் தன்வினைப் பயிற்சியும் தனித்தனியே செழித்தன. அவற்றை ஒரே நோயாளியின் உடலில் வரிசைப்படுத்தி இணைத்தது 20ஆம் நூற்றாண்டின் நிறுவனப் பணி. மூன்றாவது, அவ்விணைப்பை வீட்டுக்குக் கொண்டுசென்றவர்களுள், தாமே இயக்கம் இழந்து அதன் பொருளை உணர்ந்தவர்கள் முன்னணியில் நின்றனர்.

இதனால் ஒரு நடைமுறை எச்சரிக்கையும் பெறப்படுகிறது. வீடு தேடி வரும் சிகிச்சை, வந்தவர் கையைப் பிடித்து அசைத்துவிட்டுச் செல்வதோடு முடியுமானால், அது பெயர் மாறிய தொக்கணமாகவே எஞ்சும். அவர் சென்ற பின் வீட்டிலுள்ளோர் என்ன செய்ய அறிந்திருக்கிறார்கள் என்பதைக் கொண்டே அதன் பயனை அளவிட வேண்டும். அதற்குத் தமிழில் தெளிவான பயிற்சி நூல்கள் வேண்டும். மூட்டுக்கும் தசைக்கும் அசைவுக்கும் மக்கள் வழங்கும் சொற்களைத் திரட்ட வேண்டும். வர்ம ஆசான்களின் உடலறிவும், கடற்கரை ஊர்ப் பெண்களின் பேணுகை அறிவும் ஆவணமாக வேண்டும். மருத்துவத் துறையினரும் தமிழாய்வாளரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி இது. ‘இயலும்’ என்ற சொல்லுக்குள் நடையையும் வாய்ப்பையும் ஒருங்கே வைத்த மொழிக்கு அப்பணி அயலானதன்று.